நீருக்கும் ஒரு பேரேடு வேண்டும்

(கூட்டுறவு ஆய்வாளர் ஒருவர் எழுதுவது)

சென்ற ஆண்டு கோடையில் அருப்புக்கோட்டை வட்டாரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் பொதுப்பேரவைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். ஆண்டறிக்கை வாசித்தாயிற்று, தணிக்கைக் குறைகளுக்குச் சமாதானம் கூறியாயிற்று. கூட்டம் கலையும் தறுவாயில் மூத்த அங்கத்தினர் ஒருவர் எழுந்து, கண்ணாடிப் புட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார். அதிலிருந்த நீர் பளிங்குபோல் இருந்தது.

"ஐயா, இது நம் ஊர்க் கல்கிடங்குத் தண்ணீர். அங்கே கல் வெட்டுவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆயின. எந்தக் கோடையிலும் வற்றுவதில்லை. இதைக் குழாய் வைத்துக் கொண்டுவந்தால் நம் சாயப்பட்டறைக்கு ஆகும். பக்கத்து விவசாயிகள் சங்கத்தாரும் மிளகாய்க்கும் பருத்திக்கும் பாய்ச்சிக்கொள்வார்கள். சேமநிதியிலிருந்து செலவழிக்கத் தாங்கள் சிபாரிசு செய்யவேண்டும்" என்றார்.

"அண்ணாச்சி, இந்த நீரை யாரேனும் பரிசோதித்ததுண்டா?" என்று கேட்டேன்.

"பரிசோதிப்பானேன்? கண்ணால் பார்த்தாலே தெரிகிறதே! ஊர்க் குழாயில் தண்ணீர் வராத நாளில் எங்கள் வீட்டில் குடிப்பதும் இதைத்தான். பேரனுக்குப் பால்மாவு கரைப்பதும் இதில்தான்" என்றார்.

கூட்டத்தார் சிரித்தனர், நானும் சிரித்தேன். ஆனால் ஊர் திரும்பும் வழியில் அந்தப் புட்டி என் மனத்தைவிட்டு அகலவில்லை. ரொக்கப் புத்தகத்தைக் காட்டாமல், "பெட்டியில் பணம் இருக்கிறது, கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சங்கத்தின் காரியதரிசி சொல்வாரானால் அதை நான் ஏற்பேனா? எந்த நாளில் எவ்வளவு வந்தது, எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேட்கமாட்டேனா? பணத்துக்கு ஒரு நீதி, குழந்தை குடிக்கும் நீருக்கு வேறொரு நீதியா?

பூமியை வெட்டிப் பொருளை எடுத்த இடத்தில் தங்கும் நீரைப் பற்றி உலகம் கற்றிருக்கும் பாடம் யாது என்று தேடிப் படித்தேன். அந்தத் தேட்டம் என்னைக் கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் கொண்டுபோய் நிறுத்தியது. அறிந்தவற்றை அங்கத்தினர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெய்வேலிக்கும் நமக்கும் உள்ள தொடர்பு

நம் விருதுநகர் மாவட்டத்தில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஆயினும் நெய்வேலி நமக்கு அந்நியமன்று. விருதுநகரில் பிறந்த காமராசர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான ஆண்டுகளில்தான் அந்தத் திட்டம் உருப்பெற்றது. நம் விசைத்தறிகளையும் பம்புசெட்டுகளையும் ஓட்டும் மின்சாரத்தில் நெய்வேலிக்கும் பங்குண்டு.

அதன் கதையே தண்ணீரில் தொடங்குகிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது, நீருடன் கருநிறப் பொருள் ஒன்றும் வெளிவந்தது. அதுவே பழுப்பு நிலக்கரி. 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் நிறுவப்பட்டது. 1957 மே 20ஆம் நாள் பிரதமர் நேரு தோண்டும் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தென்பட்டது. 1962இல் மின் உற்பத்தி தொடங்கிற்று. 2016இல் என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாறிய அந்நிறுவனம் அங்கே முதற் சுரங்கம், முதல்-ஏ சுரங்கம், இரண்டாம் சுரங்கம் என மூன்று திறந்தவெளிச் சுரங்கங்களை நடத்துகிறது.

சுரங்கத்தில் கூடும் மூவகை நீர்

நெய்வேலியில் நிலக்கரியைக் காட்டிலும் நீரோடு போராடியதே பெரிது எனலாம். அங்கே மூவகை நீர் உண்டு. முதலாவது, திறந்த குழியில் விழும் மழைநீர். களிமண்ணையும் கரித்தூளையும் கரைத்துக்கொண்டு கலங்கலாக ஓடுவது இது. இரண்டாவது, நிலக்கரிக்கு மேலேயுள்ள மணற்பாங்கான அடுக்குகளிலிருந்து பக்கவாட்டில் கசியும் நீர். மூன்றாவது, நிலக்கரிப் படிவத்திற்கு அடியில் அழுத்தத்துடன் அடைபட்டுக் கிடக்கும் ஊற்றுநீர்.

இம்மூன்றாவது நீர் மேல்நோக்கி முட்டும் விசை ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 6 முதல் 8 கிலோகிராம் வரை இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். மேலேயுள்ள மண்ணை அகற்றினால் இந்த விசை சுரங்கத்தின் தரையையே பிளந்துவிடும். ஆகையால் ஆழ்குழாய்க் கிணறுகள் பல இட்டு, இரவு பகலாக நீரை இறைத்துக்கொண்டே கரியை வெட்ட வேண்டியிருக்கிறது. இறைத்த நீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்கும் நகரியத்துக்கும் பயன்படுகிறது. சுரங்கத்திலிருந்து வெளியேறும் நீர் வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி ஆகிய ஏரிகளுக்கும் சென்று வயல்களில் பாய்கிறது.

சுரங்க நீர் உழவனுக்குப் பகை என்று எடுத்த எடுப்பில் கூறிவிட முடியாது என்பதற்காகவே இதனைக் குறிப்பிட்டேன். அந்த நீரை நம்பி நெல் விளைகிறது. அந்த நீரால் தீங்கு நேருமோ என்ற அச்சமும் அதே வயல்களில் இருக்கிறது. இவ்விரண்டில் எது எந்த அளவுக்கு மெய் என்பதை ஊகத்தால் அறிய இயலாது, அளந்துதான் அறியவேண்டும்.

நிலத்தைச் சீர்திருத்துதல்

ஒரு டன் கரியை எடுக்கச் சுமார் ஐந்தரை கனமீட்டர் மேல்மண்ணை அகற்றவேண்டும் என்பது நெய்வேலிக் கணக்கு. பூதாகாரமான சக்கர எந்திரங்கள் அம்மண்ணை வெட்டி, ஓடும் பட்டைகளில் ஏற்றி, கரி எடுத்து முடிந்த பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டுகின்றன. பிறகு அதைச் சமப்படுத்தி, மேலே நல்ல மண் பரப்பி, பசுந்தாள் உரமிட்டு, மரம் நட்டுப் பயிர் செய்கிறார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் துணையுடன் இத்தகைய மண்ணில் பயிர் விளைவிக்கும் ஆராய்ச்சிகளும் நடந்துள்ளன. இதனையே சுரங்க நிலச் சீரமைப்பு என்பர்.

மேலே பசுமை வந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் நெசவாளர்க்கு ஓர் உவமையால் எளிதில் விளங்கும். இழை இழையாக ஏற்றிய பாவை அறுத்துச் சிக்காக்கி, அதே நூலைப் பழைய இடத்தில் வைத்தால் அது பாவாகுமா? எடை சரியாக இருக்கும், ஒழுங்கு இராது. கோடிக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்திருந்த மணலும் களியும் கலைந்து ஒன்றாகிவிட்டன. காற்றையே காணாதிருந்த ஆழத்து மண் இப்போது காற்றுப்பட்டுக் கிடக்கிறது. அதனூடே மழைநீர் எந்த வழியாக இறங்கும், எதைக் கரைத்துக்கொண்டு எங்கே வெளிப்படும் என்பதை மேலே நிற்கும் மரம் நமக்குச் சொல்லாது. அடியில் கசியும் நீர்தான் சொல்லும்.

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீரா?

நிலக்கரியை ஒட்டிய பாறைகளில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு கனிமம் இருப்பதுண்டு. பொன்போல் மின்னும் அதனைப் பைரைட்டு என்பர். பூமிக்குள் காற்றின்றிக் கிடக்கும்வரை அதனால் தீங்கில்லை. வெட்டி வெளியே கொட்டியதும் காற்றும் நீரும் பட்டு அது கந்தக அமிலமாகவும் இரும்புக் கரைசலாகவும் மாறுகிறது. அந்த அமிலம் மண்ணிலுள்ள அலுமினியம், மாங்கனீசு முதலியவற்றையும் கரைத்து எடுத்துக்கொள்கிறது.

இதில் ஒரு வியப்பு உண்டு. மிகவும் அமிலமான நீர் பெரும்பாலும் கலங்கியிராது. கலங்கலை உண்டாக்கும் நுண்களி அடியில் படிந்துவிடுகிறது. பாசியும் மீனும் வாழ்வதும் அரிதாகிறது. எனவே பார்ப்பதற்குக் கண்ணாடியே போலிருக்கும். மேகாலயத்தின் ஜயந்தியா மலைப்பகுதியில் லூகா என்றொரு ஆறு உண்டு. கந்தகம் மிகுந்த கரியை எலிவளைபோல் குடைந்தெடுத்த குழிகள் நிறைந்த பகுதியில் அது பாய்கிறது. பனிக்காலத்தில் அந்த ஆறு அழகிய நீலநிறம் கொள்ளும். மீன்கள் மாண்டு மிதந்ததையும் மக்கள் கண்டார்கள். சுரங்கக் குழிகளின் அமிலநீரே காரணம் என்று ஆராய்ந்தோர் கூறினர். 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த எலிவளைச் சுரங்கமுறையைத் தடை செய்தது. நம் நாட்டுக் கரிப்படிவங்கள் பெரும்பாலும் கந்தகம் குறைந்தவை; வடகிழக்கு மாநிலங்களின் கரி அதற்கு விலக்கு. ஆகவே அங்கே நடந்ததெல்லாம் எங்கும் நடக்குமென்று அஞ்சவேண்டியதில்லை. தெளிவைக் கண்டு மயங்கக்கூடாது என்பது மட்டுமே நாம் கொள்ளவேண்டிய பாடம்.

இன்னொரு பாடம் ஜெர்மனியிலிருந்து கிடைக்கிறது. அந்நாட்டின் கிழக்கே லௌசிட்ஸ் பகுதியில் நெய்வேலியைப் போலவே பழுப்பு நிலக்கரியைத் திறந்த சுரங்கங்களில் எடுத்தார்கள். அதற்காக நிலத்தடி நீரையும் பல காலம் இறைத்தார்கள். 1990க்குப் பிறகு அச்சுரங்கங்களில் பல மூடப்பட்டன. குழிகள் ஏரிகளாக மாற்றப்பட்டன. இறைப்பு நின்றதும் நிலத்தடி நீர் மெல்ல மெல்ல மேலேறியது. காற்றுப்பட்டுக் கிடந்த மண்ணில் விளைந்திருந்த இரும்பையும் கந்தக உப்பையும் அது கரைத்துக்கொண்டது. சுரங்கம் மூடி இருபது ஆண்டுகளுக்குப் பின், 2010களில், ஸ்ப்ரே என்னும் ஆறு துருவேறிப் பழுப்பு நிறமாக ஓடிற்று. அமிலமான ஏரிகளில் படகுகள் மூலம் சுண்ணாம்பைக் கரைத்துவிட்டுச் சரிசெய்து வருகிறார்கள்.

சுரங்கத்தின் கணக்கு அது மூடப்பட்ட நாளில் முடிவதில்லை. கலைக்கப்பட்ட ஒரு சங்கத்தின் கடன்கள் பல ஆண்டு கழித்து எழுந்து வருவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். நீரின் கடனும் அத்தகையதே.

எவற்றை அளக்கவேண்டும்?

பேரேட்டில் தலைப்புகள் இருப்பதுபோல் நீர்க் கணக்கிலும் சில தலைப்புகள் உண்டு. அவற்றில் இன்றியமையாதவற்றை மட்டும் கூறுகிறேன். இங்கே குறிப்பிடும் குடிநீர் வரம்புகள் இந்திய தரநிர்ணய அமைவனம் வகுத்தவை.

முதல் தலைப்பு, அமில-கார நிலை. குடிநீரில் இது 6.5 முதல் 8.5 வரை இருக்கவேண்டும். சுரங்க நீரில் இந்த எண் இறங்கத் தொடங்கினால் அடியில் அமிலம் விளைகிறது என்பது பொருள். இரண்டாவது, கரைந்த உப்புகளின் மொத்தம். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். பாசனத்துக்கு மின்கடத்துதிறன் என்னும் அளவால் உப்பைக் கணிப்பார்கள். அது சென்டிமீட்டருக்கு 2,250 மைக்ரோ சீமன்சைத் தாண்டக்கூடாது என்பது மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் வகைப்பாடு. மூன்றாவது, கந்தக உப்பாகிய சல்பேட்டு. இதன் வரம்பு 200. மாற்று நீர் இல்லையேல் 400. அமிலத்தைச் சுண்ணாம்புப் பாறை முறித்துவிட்டால் அமில எண் சரியாகவே தோன்றும். சல்பேட்டு மட்டும் உண்மையைக் காட்டிக்கொடுக்கும். போலிக் கணக்கை ஒரு ரசீது காட்டிக்கொடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, கடினத்தன்மை, வரம்பு 200, தவிர்க்க முடியாதபோது 600. ஐந்தாவது, இரும்பும் மாங்கனீசும். இவ்விரண்டும் நெசவாளர் கவனிக்கவேண்டியவை. கடின நீரில் சோப்பு நுரையாது. நூல் சிட்டத்தில் திப்பி படியும். சாயம் ஒருசீராக ஏறாது. இரும்பு கலந்த நீரில் சிவப்பும் மஞ்சளும் மங்கிப்போகும். சரக்கு திரும்பி வந்தபின் சாயத்தின்மேல் பழி போடுவோர் நீரையும் ஒருமுறை பார்ப்பது நலம்.

ஆறாவது, நைட்ரேட்டு. இதற்குத் தளர்த்த முடியாத வரம்பு 45. பாறை உடைக்கும் வெடிமருந்தில் அம்மோனியம் நைட்ரேட்டு உண்டு; வெடிக்காமல் சிதறியது நீரில் எளிதில் கரையும். உரமிட்ட வயல்களிலிருந்தும் சாணக்குழிகளிலிருந்தும் இது வரலாம். வளர்ந்தோரைக் காட்டிலும் புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களுக்கு இதனால் ஆபத்து அதிகம். இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கும். நீரைக் கொதிக்கவைத்தால் நைட்ரேட்டு நீங்காது. நீர் வற்றுவதால் அதன் செறிவு கூடவே செய்யும்.

ஏழாவது, பாதரசம், ஈயம், ஆர்சனிக், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள். பாதரசத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்தான். இவற்றை ஆய்வுக்கூடத்தில்தான் அறிய முடியும். நாவும் கண்ணும் இங்கே பயன்படா.

எப்போது அளப்பது? யார் அளப்பது?

நிலக்கரிச் சுரங்கங்களுக்கு மத்திய அரசு வழங்கும் சுற்றுச்சூழல் அனுமதிகளில் நிலத்தடி நீரைக் கண்காணிக்கவேண்டும் என்ற நிபந்தனை உண்டு. அவற்றில் பலவற்றில் காணும் வாசகத்தின்படி, நீர்மட்டத்தை மே, ஆகஸ்டு, நவம்பர், ஜனவரி ஆகிய நான்கு மாதங்களிலும், நீரின் தரத்தை மே மாதத்திலும் அளக்கவேண்டும். மே மாதம் மழைக்கு முன்பு, ஆகஸ்டு மழைக்காலம், நவம்பர் மழைக்குப் பின்பு என்பது அதன் கருத்து. வடநாட்டுக்கு இது பொருந்தும். நமக்கோ கடலூருக்கோ பொருந்துமா? ஐப்பசியும் கார்த்திகையும் நமக்கு அடைமழைக் காலம்; நவம்பரில் நம் மழை முடிவதில்லை, உச்சத்தில் நிற்கிறது. ஆகஸ்டில் நம் கண்மாய்கள் வறண்டு கிடக்கும். கோடை முழுதும் மண்ணில் பூத்துக்கிடந்த உப்பை முதற் பெருமழை கழுவி இறக்கும் அக்டோபரில்தான் கிணற்று நீர் திடீரென மாறக்கூடும். ஆண்டுக்கு ஒருமுறை மே மாதத்தில் தரம் பார்ப்பது, ஆண்டுக்கு ஒருமுறை முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு ஒப்பாகும்.

யார் அளப்பது என்பது அதனினும் பெரிய கேள்வி. சுரங்கத்தார் தம் நீரைத் தாமே அளந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை அனுப்புகிறார்கள். அது தேவைதான். ஆனால் பொருளாளர் எழுதிய கணக்கைப் பொருளாளரே தணிக்கை செய்வது கூட்டுறவில் இல்லை. 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள், மந்தன் அத்யயன் கேந்திரா என்னும் இரு அமைப்புகள் நெய்வேலியைச் சுற்றிய ஊர்களில் நீரையும் மண்ணையும் ஆராய்ந்து, சில இடங்களில் பாதரசம் முதலியவை வரம்பை மீறியிருப்பதாக அறிக்கை வெளியிட்டன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அதனைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பின்னர்த் தமிழ்நாடு மாசுக்கட்டுப்பாட்டு வாரியமும் மாதிரிகள் எடுத்து, பலவற்றில் பாதரசம் வரம்புக்கு மேல் இருந்ததாகத் தீர்ப்பாயத்தில் தெரிவித்தது.

யார் பொறுப்பு என்று தீர்மானிப்பது தீர்ப்பாயத்தின் வேலை. இத்தகைய வழக்கு எதிலும் முதலில் எழும் கேள்வி ஒன்றே: "முன்பு எவ்வளவு இருந்தது?" இது கணக்கர் மொழியில் ஆரம்ப இருப்பு. ஆரம்ப இருப்பு எழுதாத பேரேட்டில் இறுதி இருப்பை வைத்து யாரையும் குற்றம் சாட்டவும் முடியாது. யாரையும் குற்றமற்றவர் எனவும் முடியாது. அந்த ஏட்டை ஊரார் எழுதி வைத்திருந்தால் அவர்கள் சொல்லுக்கு வலிமை உண்டு. எழுதவில்லையேல் அவர்களிடம் இருப்பது மனக்குறை மட்டுமே.

நிலச் சீரமைப்புக்கான பணத்தையும் முன்னதாகவே ஒதுக்கவேண்டும் என்பது இன்று ஏற்கப்பட்ட கொள்கை. அமெரிக்காவில் 1977ஆம் ஆண்டுச் சட்டம், தோண்டுவதற்கு முன்பே பிணைத்தொகை கட்டவேண்டும் என்கிறது. நம் நாட்டில் 2009இல் நிலக்கரி அமைச்சகம் வகுத்த வழிகாட்டு நெறிகளின்படி, சுரங்கம் நடத்துவோர் மூடுதற் செலவுக்கான தொகையை ஆண்டுதோறும் தனி வங்கிக் கணக்கில் கட்டிவரவேண்டும். நம் சேமநிதியைப் போன்றதே இது.

நம் மாவட்டத்துக்குத் திரும்புவோம்

நம்மிடம் கரிச்சுரங்கம் இல்லை. ஆனால் கரிசற்காட்டுக்கு நடுவே கல்கிடங்குகளும் சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்களும் உள்ளன. மழையை எதிர்நோக்கி வாழும் இந்த மாவட்டத்தில் ஒரு பள்ளத்தில் நீர் நின்றால் அதைப் பயன்படுத்தாமல் இருப்போர் யார்? குளிப்பதும் துணி துவைப்பதும் ஆடு மாடு நீர் அருந்துவதும் அங்கேதான்.

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசுத் தொழில் இலட்சக்கணக்கானோருக்குச் சோறிடுகிறது. அத்தொழிலில் புழங்கும் வெடியுப்பு முதலிய பல உப்புகள் நீரில் கரையும் தன்மையுடையவை. சிந்தியதும் கழித்ததும் மழையில் கரைந்து மண்ணில் இறங்கினால் அருகிலுள்ள கிணறுகளுக்கும், வைப்பாற்றில் சேரும் ஓடைகளுக்கும் செல்லக்கூடும். தென்னிந்தியாவில் பல இடங்களில் நீரை ஆராய்ந்த விஞ்ஞானிகள், சிவகாசிப் பகுதியில் பட்டாசுத் தொழிலை ஒட்டிய நிலத்தடி நீரில் பெர்குளோரேட்டு என்னும் உப்பு மிகுந்திருக்கக் கண்டனர். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினை ஏற்பதை அது தடுக்கவல்லது. தொழிலைப் பழிப்பதற்காக இதனை எழுதவில்லை. அந்தத் தொழிலில் உழைப்போரும் நம் சங்கத்து அங்கத்தினர் குடும்பத்தாரே; அந்தக் கிணற்றில் நீர் மொள்வோரும் அவர்களே.

சங்கங்கள் செய்யக்கூடியவை

நீர்ப் பேரேடு எழுத விஞ்ஞானி வேண்டியதில்லை, ஒழுங்கு வேண்டும். ஊரில் மூன்று அல்லது நான்கு இடங்களைத் தேர்ந்தெடுங்கள்: பள்ளத்து நீர், அதற்கு மேட்டுப்புறத்துக் கிணறு ஒன்று, பள்ளப்புறத்துக் கிணறு ஒன்று, ஊர்க் குடிநீர்க் குழாய். மேட்டுக் கிணற்றையும் பள்ளத்துக் கிணற்றையும் ஒப்பிட்டால்தான் கேடு எங்கே சேர்கிறது என்பது தெரியும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் எடுக்கவேண்டும். ஆழ்குழாய்க் கிணறானால் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பிடிக்கவேண்டும். புட்டியை அதே நீரால் மூன்றுமுறை அலசி, காற்று இல்லாதபடி நிரப்பி மூடி, இடம், நாள், நேரம் எழுதி ஒட்டவேண்டும். வெயிலில் வைக்காமல் அன்றோ மறுநாளோ ஆய்வுக்கூடத்தில் சேர்க்கவேண்டும். உலோகங்களைப் பார்ப்பதற்குத் தனிப் புட்டியை ஆய்வுக்கூடத்தாரிடமே கேட்டு வாங்குவது நன்று. கிணற்றின் நீர்மட்டத்தையும் கயிறு விட்டு அளந்து எழுதவேண்டும். நீர் குறைந்து உப்புக் கூடியதா, நீர் இருந்தும் உப்புக் கூடியதா என்பது அப்போதுதான் விளங்கும்.

அமில-கார நிலையையும் கரைந்த உப்பையும் காட்டும் சிறு கருவிகள் சட்டைப் பையில் அடங்குபவை. அவற்றின் விலை ஒரு சங்கத்துக்குப் பாரமன்று. மாதம் ஒருமுறை இவற்றைக் கொண்டு பார்த்து எழுதலாம். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊர்தோறும் பெண்கள் ஐவருக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு உண்டு. அவர்களின் உதவியைக் கோரலாம். முழுப் பரிசோதனைக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தை நாடலாம். அதை மே, செப்டம்பர், முதற் பெருமழை பெய்த வாரம், தை மாதம் என ஆண்டுக்கு நான்கு முறை செய்தால் நம் பருவத்துக்குப் பொருந்தும். ஆய்வறிக்கையை ரசீதுபோல் வரிசை எண் இட்டுக் கோப்பில் வைத்து, எண்களைப் பேரேட்டில் ஏற்றி, இருவர் கையொப்பம் இடவேண்டும். பொதுப்பேரவையில் வரவு செலவோடு அதையும் வாசிக்கவேண்டும்.

அந்தப் புட்டியின் முடிவு

முதலில் கூறிய சங்கத்தில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். குழாய்ச் செலவைச் சிபாரிசு செய்யுமுன் ஓராண்டு நீர்க் கணக்கு எழுதவேண்டும் என்று யோசனை கூறினேன். தலைவர் இசைந்தார், மூத்த அங்கத்தினருக்கு மனவருத்தமே. முதல் அறிக்கை வந்தது. கடினத்தன்மை வரம்பைத் தாண்டியிருந்தது. நைட்ரேட்டும் குடிநீருக்கு உரிய அளவைக் கடந்திருந்தது. அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்று, "அண்ணாச்சி, மற்றதைப் பிறகு பேசலாம், பேரனுக்கு மட்டும் இந்தத் தண்ணீர் வேண்டாம்" என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே சென்று மருமகளிடம் ஏதோ கூறினார். குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை என்பது எங்கள் நல்வினை.

மழைக்காலத்தில் எண்கள் இறங்கின. தை பிறந்தபின் மீண்டும் ஏறின. ஒரேயொரு முறை, கார்த்திகையில் மட்டும், பார்த்திருந்தால் நல்ல நீர் என்றே முடிவு செய்திருப்போம். சாயப்பட்டறைக்கு அந்த நீர் ஆகாதென்று தீர்மானம் ஆயிற்று, சேமநிதி தப்பிற்று. உப்பின் அளவு பாசன வரம்புக்குள் இருந்தமையால், பருத்திக்குப் பாய்ச்சுவது பற்றி விவசாயிகள் சங்கத்தார் மண்ணையும் பரிசோதித்தபின் முடிவு செய்ய இருக்கிறார்கள். பள்ளத்தின் கரையில் "குடிக்க உகந்ததன்று" என்று பலகை வைக்கப்பட்டது.

இவ்வாண்டுப் பொதுப்பேரவைக்கும் சென்றிருந்தேன். அதே அங்கத்தினர் எழுந்து வந்தார். இம்முறை அவர் கையில் புட்டி இல்லை. நீர்ப் பேரேடு இருந்தது. பன்னிரண்டு மாதத்து எண்களும் அவர் கைப்பட எழுதியவை. மேசைமேல் அதை வைத்து, "ஐயா, தணிக்கை செய்யுங்கள்" என்றார்.

செய்தேன். ஒரு மாதம்கூட விடுபடவில்லை.